கொழுப்புப் பிடித்த செல்லும் ஒரு கரண்டி நெய்யும்

நம் தமிழில் 'கொழுப்பு' என்ற சொல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. எதிர்த்துப் பேசுகிற மருமகளுக்குக் கொழுப்பு. சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிடுகிறவளுக்குக் கொழுப்பு. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொழுப்பு! போதாக்குறைக்கு, நாற்பதைத் தாண்டிய நம்மை எதிரில் உட்கார வைத்து டாக்டர்களும் அதே சொல்லைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். இப்போது அந்தச் சொல்லின் தலையில் இன்னொரு பழி. புற்றுநோய் கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறதாம். ஆகவே அந்த வியாதி வந்தவர்களுக்கு நெய், எண்ணெய், முட்டை, தயிர் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்திவிட வேண்டுமாம்.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டுச் சமையலறைக்குள்ளும் நுழைந்தது. நுழைந்து, ஒரு மனுஷியின் உடம்பைக் கரைப்பதற்குக் கை கொடுத்தது. இதில் நிஜம் ஒரு குன்றிமணி அளவு உண்டு, அதுதான் சங்கடமே. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகலாம்.

என் கணவரின் அக்கா முசிறிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். 2022-ல் ஒரு நாள் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "சூடு பிடிச்சிருக்கும்" என்று இரண்டு நாள் இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டார். மூன்றாம் வாரம் மறுபடி அதே மாதிரி. (சகோதரிகளே, வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் அது சூடு என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். வலி இல்லை என்பதே டாக்டரிடம் ஓடுவதற்குக் காரணம்.) ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி. திருச்சியில் ஆபரேஷன் செய்து அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டோடுதான் இருக்கிறார்.

எடுத்த கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட் ஒரு வாரம் கழித்து வந்தது. அண்ணன், அதாவது அவர் கணவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "கிளியர் செல்னு போட்டிருக்கும்மா. கிளியர்! ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைக்கச் சொல்லி அனுப்பினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் மறுத்துச் சொல்வது? சாயங்காலம் டாக்டர்தான் சொன்னார். 'கிளியர் செல்' என்பது நிம்மதி இல்லை. வியாதியின் பெயரே அதுதான்.

தெளிந்த செல். அப்படி ஒரு பெயர் எதற்காக? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பெண்கள் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது திசுக்களைப் பரிசோதிக்கும் டாக்டராக இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவள் லேபுக்குப் போய், மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் ஸ்லைடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அடுக்கடுக்காக வெள்ளை அறைகள். ரோஜா நிறத்தில் மெல்லிய சுவர்கள். ஒவ்வோர் அறையிலும் கடுகு போல ஒரு கறுப்பு உட்கரு. மற்றபடி உள்ளே ஒன்றுமே இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பாவி வியாதி!

"காலியா இருக்கேன்னு பார்க்கறீங்களா டீச்சர்? காலி இல்லை. நாங்கதான் கழுவிட்டோம்" என்றாள்.

அவள் விளக்கியது இது. உடம்பிலிருந்து எடுத்த திசுவை முதலில் ஃபார்மலினில் ஊற வைப்பார்கள். பிறகு ஆல்கஹாலில் போட்டு நீரை வாங்குவார்கள். அப்புறம் ஸைலீன் என்ற திரவம். அதற்குப் பிறகு உருக்கிய மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றுவார்கள். பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் பெட்ரோல் வாஷுக்குப் போடுகிறோமே, கறை போகிறதில்லையா? அதே மாதிரி ஆல்கஹாலிலும் ஸைலீனிலும் திசுவுக்குள் இருக்கிற கொழுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். கொழுப்பு இருந்த இடம் காலி அறையாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் தெளிந்த செல் என்று பெயர் வைத்தார்கள். கொழுப்போடு கிளைக்கோஜன் என்ற மாவுப் பொருளும் அந்த அறையில் இருந்து காணாமல் போனதுதான். கழுவாமல், திசுவை உறைய வைத்துச் சீவி, 'ஆயில் ரெட்' என்ற சாயத்தைக் கொட்டினால் அந்தக் காலி அறைகள் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கொழுப்புத் துளிகள் தெரியுமாம். ஆபரேஷன் மேஜையில் கட்டியை வெட்டிப் பார்த்தாலே தங்க மஞ்சள் நிறத்தில் இருக்கும் என்றாள். அந்த மஞ்சளும் கொழுப்பினால் வந்ததுதான். சிறுநீரகத்தில் வரும் புற்றுநோயில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்த ரகம்.

செல்லுக்குள் கொழுப்புத் துளி என்று நாங்கள் பாடம் நடத்திய நாளில் அதற்குப் புத்தகத்தில் அரை வரிதான் இடம். 'சேமிப்புப் பொருள்கள்' என்ற தலைப்பில் மாவுமணி, நிறமி இவற்றோடு ஒரு மூலையில் கிடக்கும். ரசத்தின் மேல் மிதக்கும் நெய்ப் பொட்டைப் போல அது சும்மா மிதக்கிற ஒன்று என்றுதான் உலகமே நினைத்திருந்தது. 1991-ல் பெரிலிபின் என்று ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துளியின் மேல் போர்த்தியிருக்கும் புரதம் அது. யார் உள்ளே வரலாம், எவ்வளவு கொழுப்பு வெளியே போகலாம் என்று வாசலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் காரியஸ்தர் மாதிரி. அதற்கப்புறம்தான் விஞ்ஞானிகள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். துளி செல்லின் உள்மடிப்புச் சவ்வில் மொட்டு விட்டு உருவாகிறது. அதைச் சுற்றி ஒரே அடுக்கில் மெல்லிய தோல். நடுவில் கொழுப்பும் கொலஸ்ட்ரால் வகைகளும். வேண்டும்போது திறக்கிறது, வேண்டாதபோது மூடிக்கொள்கிறது. நம் ஊர் வீடுகளில் நெல் குதிர் இருக்குமே, கீழே ஒரு சின்ன வாயும் மேலே ஒரு மூடியுமாக, அதே ஏற்பாடு.

நல்ல செல்லிலும் இந்தக் குதிர் உண்டு. அளவோடு இருக்கும். புற்றுநோய் செல்லில் மட்டும் ஏன் வீடே குதிராகிவிடுகிறது?

சிறுநீரகப் புற்றில் இதற்குக் காரணம் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. நம் செல் ஒவ்வொன்றிலும் பிராணவாயு போதுமா, போதாதா என்று பார்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஹிஃப் என்று ஒரு புரதம். பிராணவாயு நிறைய இருக்கும்போது, வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அந்த ஹிஃப்பைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். பிராணவாயு குறைந்தால் ஹிஃப் தங்கிவிடும். தங்கி, 'காற்றில்லை, காற்றில்லை' என்று செல்லுக்குள் தண்டோரா போடும். வான் ஹிப்பெல், லிண்டாவ் என்ற இரண்டு டாக்டர்கள் விவரித்த ஒரு பரம்பரை வியாதியின் பெயர் எழுத்துக்கள்தான் வி.எச்.எல். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக கேலின், ராட்க்ளிஃப், ஸெமென்ஸா என்ற மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தெளிந்த செல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் அந்த வி.எச்.எல். கெட்டுப்போயிருக்கிறது. ஆகவே ஹிஃப் அழியாமல் தங்கிவிடுகிறது. காற்று தாராளமாக இருக்கும்போதே செல் காற்றில்லை என்று நம்பிவிடுகிறது. கொழுப்பை எரிக்கக் காற்று வேண்டும் அல்லவா? காற்றில்லை என்று நினைக்கிற செல் கொழுப்பு அடுப்புக்குப் போகும் கதவைச் சாத்திவிடுகிறது (2017-ல் அமெரிக்காவில் இதைக் காட்டினார்கள்). வந்த கொழுப்பெல்லாம் குதிரில் குவிகிறது. மழை வருது என்று யாரோ கிளப்பிவிட, சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே மொட்டை மாடியில் காய்கிற வற்றலையெல்லாம் வாரி உள்ளே கொட்டுகிற கதைதான்!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குதிர் நிரம்பியதற்குக் காரணம் அண்ணி சாப்பிட்ட நெய் அல்ல. செல்லின் புத்தி கெட்டதுதான்.

சேர்த்து வைத்த கொழுப்பு அந்தச் செல்லுக்கு என்ன பிரயோஜனம் என்றால், ஒன்றல்ல. வேகமாகப் பெருகுகிற செல்லுக்குப் புதுச் செல்களின் சுவர் கட்ட கொழுப்பு வேண்டும். பட்டினி காலத்தில் எரிபொருளாகவும் ஆகும். இவை எளிதில் ஊகிக்கக் கூடியவை. மூன்றாவதுதான் எனக்குப் புதிது. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு பதினைந்து நாளில் காறிப்போகிறதே, அது எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதால். செல்லின் சுவரில் இருக்கும் கொழுப்பும் அதே போல் காறும். இரும்புச் சத்து அதைத் துரிதப்படுத்தும். காறல் எல்லை மீறினால் செல் செத்தே போகும். இந்த வகைச் சாவுக்கு 2012-ல்தான் ஃபெரோப்டோஸிஸ் என்று பெயரிட்டார்கள். ஆபத்தான, சீக்கிரம் காறுகிற கொழுப்பை எடுத்துக் குதிருக்குள் அடைத்துப் பூட்டிக்கொண்டால் செல் தப்பிக்கிறது. கதிர்வீச்சும் சில மருந்துகளும் செல்லை இப்படிக் காறவைத்தும் கொல்கின்றன என்பதை நினைத்தால், இந்தக் குதிர் எப்படிச் சிகிச்சைக்கு முட்டுக்கட்டை போடும் என்று புரிகிறது. கொழுப்பில் கரையும் சில பொருள்கள் துளிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நிற்பதையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். 'எவ்வளவு கொழுப்பு இதுக்கு!' என்று நாம் திட்டுகிற இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது, பாருங்கள்.

சிறுநீரகத்தில் மட்டும் என்று இல்லை. பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது சூலகப் புற்று. ஆட்டுக் கறிக் கடையில் குடலோடு ஒட்டி, வலை பின்னிய மாதிரி ஒரு கொழுப்புத் திரை வருமே, நமக்கும் அது வயிற்றுக்குள் குடலுக்கு முன்னால் தொங்குகிறது. சூலகத்தில் தோன்றும் புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய் உட்காரும். ஏன் அங்கே என்பதற்கு 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் பதில் சொன்னார்கள். அந்தத் திரையிலுள்ள கொழுப்புச் செல்கள் தங்கள் சேமிப்பை அவிழ்த்துப் புற்றுச் செல்லுக்கு ஊட்டுகின்றன. அதைத் தின்று அது வளர்கிறது. சூலகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்யும்போது அந்தத் திரையையும் சேர்த்து எடுத்துவிடுவது அதனால் அர்த்தமுள்ள காரியம். பல நாளாக வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது என்று இருந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே காலம் கடத்தாதீர்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. 2023-ல் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு மூன்று பொட்டு தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைக்காமல் தடுக்கிற ரகம். வேலை செய்கிற மாத்திரைதான். ஆனால் வாயெல்லாம் புண், பேதி, உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிதல் என்று படுத்தி எடுத்துவிட்டது. நாக்கில் ருசியே போய்விட்டது. "எதைத் தின்னாலும் மண்ணைத் தின்கற மாதிரி இருக்குடி" என்பார் அண்ணி.

சரியாக அந்தச் சமயம் பார்த்து எதிர் வீட்டு அம்மாள் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். கொழுப்புதான் கேன்ஸருக்குச் சாப்பாடு, நிறுத்தினால் கட்டி பட்டினியில் சுருங்கிவிடும் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாம். என் மாமியாருக்கு எண்பத்தாறு வயது. பெற்ற மகள் பிழைக்க வேண்டும் என்று தவம் கிடக்கிறவர். அன்றைக்கே நெய் ஜாடியைப் பரண் மேல் ஏற்றச் சொல்லிவிட்டார். தாளிதத்துக்கு எண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது, தயிர் கிடையாது. நீர்மோரும் இட்லியும் ரசம் சாதமும். "அத்தை, டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தலாமே" என்றேன். "என் வயித்துல பிறந்தவளுக்கு நான் விஷம் வெக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். இதற்கு மேல் என்ன பேசுவது? என் கணவரும் அம்மா பக்கம். அண்ணிக்கோ எதையும் தின்னப் பிடிக்கவில்லை. ஆகவே அவருக்கு இதில் ஆட்சேபம் இல்லை.

மூன்று மாதத்தில் 62 கிலோவிலிருந்து 51 கிலோ. பார்க்க வந்தவர்கள், "நல்லா இளைச்சிட்டீங்க, சுகர் கிட்டயே வராது" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்! வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிற்று. அடுத்த தடவை போனபோது எடையைப் பார்த்த டாக்டர் ஸ்கேன் படத்தைக்கூடப் பார்க்காமல், "இப்படியே போனால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இந்த உடம்பு தாங்காது" என்றார். கட்டியைப் பட்டினி போடப் போய் மருந்துக்கே வேட்டு வைத்தாயிற்று.

கைப்பேசிச் செய்தியில் சொன்ன வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிஜமானவர்கள்தான். 2017-ல் பார்ஸிலோனாவில் நடந்த ஆராய்ச்சி. மனிதர்களின் வாய்ப் புற்றுச் செல்களை எலிகளுக்குள் வைத்து, கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். சி.டி.36 என்ற வாசல் வழியாகக் கொழுப்பை இழுத்துக்கொள்ளும் செல்கள்தான் பிற உறுப்புகளுக்குப் பரவின. பாமாயிலில் அதிகமாக இருக்கும் பால்மிடிக் அமிலம் அதற்குத் தூண்டுகோலாக இருந்தது. அந்த வாசலை அடைத்தபோது பரவுவது பெரிதும் குறைந்தது. அருமையான ஆராய்ச்சி. ஆனால் அவர்கள் சொன்னது வாசலை அடைக்க மருந்து தேடலாம் என்பது. வாயில் புண்ணோடு நாலு வாய் சாதத்துக்கே தவிக்கிற மனுஷிக்கு நெய்யை நிறுத்து என்று அவர்கள் எங்கே சொன்னார்கள்? தீனி ஏற்றிக் கொழுக்க வைத்த எலியும் எங்கள் அண்ணியும் ஒன்றா?

இன்னொன்று. தட்டிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டால் செல்லுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று நினைப்பதே சரியில்லை. புற்றுச் செல் கொழுப்பைத் தானே தயாரிக்கும். இது இன்று நேற்று தெரிந்த விஷயம் அல்ல. 1953-லேயே கிரேஸ் மெடெஸ், ஆலிஸ் தாமஸ் என்ற பெண்மணிகளும் ஸிட்னி வைன்ஹவுஸும் சேர்ந்து, கட்டியின் மெல்லிய சீவல்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்தபடியே கொழுப்பைத் தயாரிப்பதைக் காட்டினார்கள். இட்லியும் ரசம் சாதமும் தருகிற சர்க்கரையிலிருந்தே அது செய்துகொள்ளும். அதற்கும் வழியில்லை என்றால் நோயாளியின் சொந்த உடம்புச் சேமிப்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். நாம் பரணில் ஏற்றிய நெய் ஜாடியால் பட்டினி கிடந்தது ஒருவர்தான். அவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

கரைந்துபோகிற உடம்பைப் பற்றியும் சொல்கிறேன். புற்றுநோயில் உடம்பு உருகுவது சாதாரணப் பட்டினியில் இளைப்பது போல் அல்ல. நோயின் தூண்டுதலில் உடம்பே தன் கொழுப்பையும் தசையையும் அழித்துக்கொள்கிறது. 2011-ல் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கொழுப்புக் குதிரைத் திறக்கும் ஒரு நொதி இல்லாத எலிகளுக்குக் கட்டி வந்தபோது, கொழுப்பு மட்டுமில்லாமல் தசையும் கரையாமல் நின்றதைப் பார்த்தார்கள். அதாவது நம் உடம்பின் நல்ல கொழுப்புச் சேமிப்பு காலியாகாமல் இருப்பது தசைக்கும் பாதுகாப்பு. புற்றுச் செல்லின் குதிர் நமக்கு விரோதி, நம் சொந்தக் குதிர் நமக்குத் துணை. இரண்டுக்கும் கொழுப்பு என்றே பெயர் வைத்ததுதான் குழப்பம்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் சின்னப் பெண் ஒருத்தி. வயது இருபத்தைந்துகூட இருக்காது. என் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். "பாட்டி, ஒரு கிராம் மாவுச் சத்துல நாலு கலோரி. ஒரு கிராம் நெய்யில ஒன்பது. உங்க பொண்ணு நாலு வாய்தான் சாப்பிடுவாங்கன்னா அந்த நாலு வாயில எது போகணும்னு நீங்களே சொல்லுங்க." பாட்டி வாயடைத்துப் போனார். நாங்கள் இத்தனை பேர் சொல்லியும் நடக்காதது! எடை குறைந்துகொண்டே போகும் புற்றுநோயாளிகளுக்குச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவே கூடாது, பலருக்கு மாவுச் சத்தைவிடக் கொழுப்பின் பங்கைக் கூட்டுவதுதான் நல்லது என்று ஐரோப்பிய மருத்துவ உணவுச் சங்கத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டியே சொல்கிறது. ஒரு கிலோ எடைக்குத் தினம் 25-லிருந்து 30 கலோரி வரை, புரதம் ஒரு கிராமுக்கு மேல். எங்கள் அண்ணிக்கு ஒற்றைச் சிறுநீரகம் என்பதால் புரதத்தின் அளவை மட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரே சொன்னார். உங்கள் வீட்டிலும் அதை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நெய் நல்லது என்று வியாதியில்லாதவர்கள் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டால் அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-ல், உடல் பருமன் 13 வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று சொல்லியிருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று, கர்ப்பப்பை உட்சுவர், சூலகம், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விசித்திரம் என்னவென்றால், பரவிய சிறுநீரகப் புற்று உள்ளவர்களில் கொஞ்சம் பருமனாக இருந்தவர்கள் ஒல்லியானவர்களைவிட அதிக நாள் இருந்ததாக அதே 2016-ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. வரும் முன் ஒரு நியாயம், வந்த பின் ஒரு நியாயம். சமையலறையில் இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

அப்படியானால் செல்லின் குதிரை உடைக்க வழியே இல்லையா என்றால், தேடிக்கொண்டிருக்கிறார்கள். செல் கொழுப்புத் தயாரிக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துகளை நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்து வருகிறார்கள். ரத்தக் குழாய் அடைப்புக்கென்று தயாரித்து நின்றுபோன அவாஸிமைப் என்ற மருந்து, பிராஸ்டேட் புற்றுச் செல்லின் கொலஸ்ட்ரால் குதிரைக் காலி செய்து எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்ததாக 2014-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் சொன்னார்கள். செல்லின் கொழுப்புச் சேமிப்பை மட்டும் குறிவைத்து வழக்கமான சிகிச்சைக்கு வந்துவிட்ட மருந்து என்று இன்னும் ஒன்று இல்லை. வேரில் கை வைக்கும் மருந்து ஒன்று வந்திருக்கிறது. தண்டோரா போடும் ஹிஃப்பையே வாயடைக்கும் பெல்ஸூடிஃபான். பரம்பரை வி.எச்.எல். வியாதிக்கு 2021-லும், மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகும் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு 2023-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அண்ணிக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. பழைய மாத்திரையே கேட்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உடம்பு இளைக்க விற்கிற ஆர்லிஸ்டாட் மாத்திரை புற்றுச் செல்லின் கொழுப்புத் தயாரிப்பையும் தடுக்கிறது என்று 2004-ல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். இதைக் கேட்டுவிட்டு யாராவது மருந்துக் கடைக்கு ஓடினால் வீண். விழுங்குகிற அந்த மாத்திரை குடலிலேயே வேலை செய்து குடலோடு போய்விடும். ரத்தத்தில் ஏறுவது ரொம்பக் கொஞ்சம். ஏற்கெனவே பேதியில் தவிக்கிறவர்களுக்கு அது இன்னும் பேதியைத்தான் கொடுக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு என்பது ஆறு வேளையாகிவிட்டது. ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. பருப்பு சாதத்தைக் குழைய வடித்து நெய் விட்டுப் பிசைகிறேன். வாயில் புண் இருக்கிற நாளில் புளியும் மிளகாயும் கிடையாது. கெட்டித் தயிரில் சாதத்தை மசித்துக் குளிர்ச்சியாகக் கொடுத்தால் எரியாமல் இறங்குகிறது. சத்துமாவுக் கஞ்சியில் நிலக்கடலையைப் பொடி செய்து ஒரு கரண்டி. முட்டையை வேக வைத்தால் வாடை பிடிக்கவில்லை என்பதால், அடித்து நல்லெண்ணெயில் கலக்கி மிளகு தூவாமல் தருகிறேன். பேதி ஆகும் நாளில் நெய்யைக் குறைத்துக்கொண்டு, நின்றதும் மறுபடி கூட்டுகிறோம். ருசி இன்னும் திரும்பவில்லை. ஆனால் மாங்காய் வாசனை தெரிகிறது என்று போன மாதம் சொன்னார்.

காலண்டர் ஆணியில் ஒரு சின்ன நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியை எடை பார்த்து அண்ணன் அதில் எழுதி வைப்பார். 51, 51, 51 அரை, 52, நடுவில் ஒரு வாரம் மறுபடி 51, அப்புறம் 53. போன ஞாயிறு 54. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, வெண்ணெய் சேர்ந்திருக்கிறதே, நாளைக்குக் காய்ச்ச வேண்டும், கொல்லையில் முருங்கைக் கீரை இரண்டு இணுக்குப் பறித்து வை என்றார்.